வெளிச்சுவர் சைடிங் மாற்றும் செலவு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வீட்டின் வெளிச்சுவரை மூடும் பலகையான சைடிங்கை மாற்ற மூன்று பேரிடம் விலை கேட்டோம். எல்லாரும் வினைல் என்ற பிளாஸ்டிக் வகையைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் கேட்பது இன்னொருவர் கேட்பதைப் போல இருமடங்கு. ஏமாற்றுகிறாரா?

பதில்: உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். பலகை விலையில் மட்டும் அவ்வளவு வித்தியாசம் வருவது அரிது. குறைவாகச் சொன்னவர் பழைய சைடிங்கைக் கழற்றுவாரா, அதன் மேலேயே அடிப்பாரா? கழற்றும் கூலி, குப்பை அள்ளும் செலவு, புது ஹவுஸ் ராப் (சைடிங்குக்கு அடியில் சுவரைச் சுற்றும் ஈரத்தடுப்பு விரிப்பு), ஜன்னல் கதவு ஓரங்களில் ஃப்ளாஷிங் (தண்ணீரை வெளியே தள்ளும் தகடு), சாஃபிட் (கூரை நீட்டத்தின் அடிப்பக்க மூடி), ஃபேசியா (கூரை விளிம்புப் பலகை) எல்லாம் தாளில் வரிவரியாக இருக்கிறதா? எழுத்தில் இல்லாதது விலையிலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்துத் திரும்ப விலை கேளுங்கள்.

கேள்வி: எவ்வளவு பலகை தேவை என்று நாமே கணக்குப் போடலாமா?

பதில்: தாராளமாக. 40க்கு 30 அடி வீடு, சுவர் உயரம் 18 அடி என்றால், சுற்றளவு 140 அடி, சுவர்ப் பரப்பு 2,520 சதுர அடி. கூரைக்குக் கீழே முக்கோணச் சுவர் இருந்தால் அகலத்தை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். 30 அடி அகலம், 8 அடி உயரத்தில் இரண்டு இருந்தால் 240. ஆக மொத்தம் 2,760. இந்தத் தொழிலில் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்பார்கள். சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 30 ஸ்கொயருக்குச் சற்று மேலே வரும். சின்ன ஜன்னல்களைப் பலர் கழிப்பதில்லை, அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: பழைய சைடிங்கைக் கழற்றியபின் உள்பலகை மக்கியிருக்கிறது, கூடுதல் பணம் வேண்டும் என்கிறார்கள். நியாயமா?

பதில்: பெரும்பாலும் நியாயம்தான். கழற்றாமல் உள்ளே யாராலும் பார்க்க முடியாது. ஜன்னலின் கீழ் மூலை, வெளித்தளம் சுவரோடு சேரும் இடம், கூரை சுவரில் முட்டும் இடம் ஆகியவற்றில்தான் தண்ணீர் வழக்கமாக இறங்கும். ஆனால் விலையை அந்த நேரத்தில் பேசினால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். சுவர் திறந்து கிடக்கும்போது பேரம் ஏது? 4க்கு 8 அடி உள்பலகை ஒன்றை மாற்ற எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மாற்றும் முன் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்றும் சேருங்கள். ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் பலகையை மட்டும் மாற்றினால் அது தண்டச் செலவு.

கேள்வி: வினைலா, ஃபைபர் சிமெண்ட்டா (நார் கலந்த சிமெண்ட் பலகை)?

பதில்: கையில் பணம் குறைவென்றால் வினைல். பெயிண்ட் வேண்டாம், ஆனால் சூட்டில் நெளியும்; கிரில் அடுப்பைச் சுவரருகே வைக்காதீர்கள். ஃபைபர் சிமெண்ட் தீப்பிடிக்காது, ஆனால் கனம் அதிகம், வெட்டும்போது சிலிக்கா தூசி பறக்கும், அதனால் கூலி ஏறும். எனக்குப் பிடித்தது அதுதான்.

கேள்வி: வெயில் படும் பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா சார்?

பதில்: போதும், நிறம் பொருந்தாமல் போனால் பரவாயில்லை என்றால். பழையது வெளிறியிருக்கும்.

கேள்வி: பழைய வீடு. சிமெண்ட் ஓடு மாதிரி சைடிங், தட்டினால் உடைகிறது. நாங்களே கழற்றினால் கூலி மிச்சம்தானே?

பதில்: கை வைக்காதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம். முதலில் ஒரு துண்டை முறைப்படி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால், உரிமம் உள்ளவர்களே கழற்ற வேண்டியிருக்கலாம், செலவும் கூடும். சேதமில்லாமல் இருந்தால் மேலேயே மூடுவதும் ஒரு வழி. உங்கள் ஊர் விதி அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.