லுத்தரன் மிஷன் என்றால் என்ன? கோவைப் பக்கம் டி.இ.எல்.சி. என்று போர்டு இருக்கிறதே, அதுவா?

ஆமாம், அதன் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைதான் அது. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிறிஸ்தவ சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் வழி நடக்கும் சபையினர் கடல் கடந்து செய்த ஊழியமே லுத்தரன் மிஷன். 1706-ல் சீகன்பால்கு என்ற மிஷனரி தரங்கம்பாடியில் இறங்கினார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டே விட்டார்! நினைத்தால் இன்றும் பிரமிப்புதான்.

ஏன் அந்த வேகம்? வேதத்தை அவரவர் தாய்மொழியில் தாமே படிக்க வேண்டும் என்பது லுத்தரின் பிடிவாதம். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் முறை நோட்டீஸை யாரோ படித்துச் சொல்வதும், நாமே படிப்பதும் ஒன்றாகுமா?

அப்புறம் 1840-ல் ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷன் என்ற லுத்தரன் அமைப்பு வந்தது, 1919-ல் டி.இ.எல்.சி. உருவானது.

இந்த மிஷன் ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சீகன்பால்கு ஜெர்மானியர்; அனுப்பியவர் டென்மார்க் அரசர்.