புரொம்ப்ட் மாறினால் சோதனை ஏன் நிற்கிறது?

கேள்வி: வேறு நிரல்களைத் திறந்து அவற்றோடு உரையாட உதவும் பைதான் நூலகமான பெக்ஸ்பெக்ட் கொண்டு ஷெல்லை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) திறந்து, கட்டளை அனுப்பி, பதிலைச் சரிபார்க்கும் சோதனை எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் புரொம்ப்டின் '$' வரும்வரை, அதாவது அடுத்த கட்டளைக்குத் தயார் என்று ஷெல் காட்டும் குறி வரும்வரை, காத்திருக்கும். என் உபுண்டுவில் ஒழுங்காக ஓடுகிறது. கூட வேலைசெய்பவரின் மேக்கில் 30 செக்கன் நின்றுவிட்டுத் தோற்கிறது. எல்லாப் புரொம்ப்டுக்கும் பொருந்தும் ரெஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடும் வடிவம்) ஒன்று தருவீர்களா?
- வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அப்படி ஒரு ரெஜெக்ஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் வழமையான ஷெல் இஸட்-ஷெல். அதன் புரொம்ப்ட் % இல் முடியும். முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்கு #, ஃபிஷ் ஷெல்லில் >. எல்லாவற்றையும் [$#%>] என்று சேர்த்தால், வெளியீட்டில் '80%' வந்த இடத்திலேயே சோதனை ஏமாந்து அடுத்த கட்டளைக்குப் போய்விடும். ரெஜெக்ஸில் 'முடிவு' என்று பொருள்படும் $ ஐக் கடைசியில் போட்டும் பயனில்லை. பெக்ஸ்பெக்டுக்கு அதுவரை வந்துசேர்ந்த கடைசி எழுத்துத்தான் 'முடிவு'.

புரொம்ப்டை நீங்களே வையுங்கள். இரண்டு கணினியிலும் பாஷ் ஷெல் இருக்கிறது. அதை --நோபுரொஃபைல் (--noprofile), --நோஆர்சி (--norc), --நோஎடிட்டிங் (--noediting) ஆகிய மூன்று தெரிவுகளோடு திறவுங்கள். முதலிரண்டும் பயனரின் சொந்த அமைப்புகளைத் தள்ளிவைக்கும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்: 2020இல் வந்த பாஷ் 5.1 முதல், ஒட்டும் (பேஸ்ட்) வசதிக்காக டெர்மினலுக்கு அனுப்பப்படும், கண்ணுக்குத் தெரியாத எஸ்கேப் குறிகள் புரொம்ப்டுக்கு முன்னால் வழமையாகவே வருகின்றன. பழைய சோதனைகள் பல அதனாலேயே முறிந்தன.

அடுத்து, புரொம்ப்ட் எப்படித் தோன்றவேண்டும் என்பதை வைத்திருக்கும் பீஎஸ்1 (PS1) மாறிக்கு '@@:$?@@ ' என்ற மதிப்பைக் கொடுத்து, @@:[0-9]+@@ வரும்வரை காத்திருங்கள். அதற்கு முன் வரும் பழைய புரொம்ப்டைப் பொருட்படுத்த வேண்டாம். இதில் $? ஏன்? நீங்கள் அனுப்பும் வரி டெர்மினலில் எதிரொலித்துத் திரும்பி வரும். நீங்கள் காத்திருக்கும் குறி வெறும் எழுத்தாக இருந்தால், ஷெல் பதில் சொல்லுமுன்னே அந்த எதிரொலியோடு பொருந்திவிடும். எதிரொலியில் இருப்பது $?, உண்மையான புரொம்ப்டில் இருப்பது அதற்குப் பதிலாக ஷெல் போடும் இலக்கம், ஆகவே குழப்பமில்லை. அந்த இலக்கமே முந்திய கட்டளையின் எக்ஸிட் கோடு (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்), அதுவும் கூடவே கிடைக்கும். ஒற்றை மேற்கோளே போடவேண்டும். இரட்டை மேற்கோளில் $? அப்போதே இலக்கமாகி, பிறகு மாறவே மாறாது.

புரொம்ப்ட்_கமாண்ட் (PROMPT_COMMAND) என்ற சூழல் மாறி இருந்தால் நீக்குங்கள். அது உங்கள் பீஎஸ்1ஐ ஒவ்வொரு தடவையும் மாற்றி எழுதக்கூடும்.

கட்டளையின் வெளியீட்டை மட்டும் பார்ப்பதென்றால் புரொம்ப்டே தேவையில்லை. பைதானின் சப்புரொசஸ் தொகுதி மூலம் ஓட்டி, எக்ஸிட் கோடைப் பாருங்கள். கடவுச்சொல் கேட்பது போன்ற உரையாடலைச் சோதிக்கும் இடங்களுக்கு மட்டும் பெக்ஸ்பெக்டை வைத்திருங்கள்.