ஹங்கர் கேம்ஸ் படங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. நாவல்களையும் படிக்க வேண்டுமா? படித்தவர்கள் ஏன் படங்களைக் குறை சொல்கிறார்கள்?

கட்டாயம் படியுங்கள். படங்களில் போட்டி இருக்கிறது, பசி இல்லை. நாவலைப் படித்தவர்கள் படத்தைப் பற்றி மனக்குறையோடு பேசுவதற்கும், படம் மட்டும் பார்த்தவர்கள் "இவ்வளவு நல்ல படத்தில் என்ன குறை கண்டீர்கள்?" என்று கேட்பதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். என் அண்ணன் மகள் உயர்நிலை இரண்டில் படித்தபோது நூலகத்திலிருந்து எடுத்து வந்த பிரதியைத்தான் முதலில் படித்தேன். அவள் முடிப்பதற்குள் நான் முடித்துவிட்டேன். அப்புறம் அவளுடைய தோழிகள், என்னோடு வேலை பார்ப்பவர்கள், கடைசியில் என் அப்பாயி வரைக்கும் இந்தக் கதை போய்ச் சேர்ந்தது. ஆளுக்கொரு கருத்து. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கதை தெரியாமல் இந்தப் பக்கம் வந்தவர்களுக்குச் சுருக்கமாக: வட அமெரிக்கா அழிந்துபோன நிலத்தில் பானெம் என்று ஒரு நாடு. செல்வம் கொழிக்கும் தலைநகர் கேப்பிட்டல், அதற்கு உழைத்துக் கொட்ட 12 மாவட்டங்கள். முன்பு ஒருமுறை மாவட்டங்கள் கலகம் செய்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று 12 முதல் 18 வயது வரையிலான 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல விடுவார்கள். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. தங்கை பிரிமின் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தான் போகிறேன் என்று முன்வருகிறாள் 16 வயது காட்னிஸ். சூசன் காலின்ஸ் எழுதிய மூன்று நாவல்கள் 2008, 2009, 2010இல் வந்தன. அவற்றை 2012 முதல் 2015 வரை நான்கு படங்களாக எடுத்தார்கள். இனிமேல் கதையின் முடிவுகளையும் பேசப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் குலுக்கலில் எல்லாருக்கும் ஒரே அளவு சீட்டு கிடையாது. 12 வயதில் ஒன்று, 13இல் இரண்டு என்று ஆண்டுக்கு ஒன்று ஏறும். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் கூடுதலாகச் சீட்டு போட்டுக்கொள்ளலாம். ஒரு சீட்டுக்கு ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரைகுறையாக. குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பங்கு வாங்கலாம். போட்ட சீட்டு அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். காட்னிஸ் 12 வயதிலேயே தனக்கு, தங்கைக்கு, அம்மாவுக்கு என்று மூன்று பங்கு வாங்கியவள். முதல் ஆண்டிலேயே அவள் பெயரில் நான்கு சீட்டு. 16 வயதில் 20. அவளோடு வேட்டைக்குப் போகும் நண்பன், ஐந்து பேர் குடும்பத்தைச் சுமக்கும் கேலுக்கு 18 வயதில் 42. மேயரின் மகள் மேட்ஜுக்கு இந்தத் தானியம் தேவையே இல்லை. அவள் நல்ல சட்டை போட்டு நிற்பதைப் பார்த்துக் கேலுக்கு வரும் கோபம் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளே ஏழையல்லாத பிள்ளைகளைப் பகைக்கும்படி செய்வது கேப்பிட்டலுக்கு எவ்வளவு வசதி என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

படத்தில் மேட்ஜே கிடையாது. 42 என்ற எண் ஒரு வசனமாக வந்து போகிறது. விடைபெறும்போது, கூடுதல் உணவு வாங்காதே என்று காட்னிஸ் தங்கையிடம் சொல்கிறாள். நாவல் படிக்காமல் அரங்கில் உட்கார்ந்தவர்களுக்கு அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு முழுதாகப் பிடிபட்டிருக்காது.

அப்பாயிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதையை நான் தமிழில் சொன்னேன். மற்றவர்களெல்லாம் காட்னிஸ் யாரைத் தேர்ந்தெடுத்தாள், பீட்டாவையா கேலையா என்று கேட்பார்கள், அல்லது கடைசியில் யார் ஜெயித்தது என்று கேட்பார்கள். அப்பாயி இந்தச் சீட்டுக் கணக்கில் நிறுத்தினார். "எண்ணெய் எவ்வளவுடி குடுப்பானுவ?" என்றார். 1942இலிருந்து 1945வரை, ஜப்பான்காரன் காலத்தில், சிங்கப்பூரில் சிறுபிள்ளையாக இருந்தவர் அவர். "அரிசி இல்லைன்னா மரவள்ளிக் கிழங்கை வச்சு ஒப்பேத்திரலாம் ஆத்தா. எண்ணெய்க்கு எங்க போறது?" என்று சொல்லிவிட்டு, சிவப்பாக இருக்கும் செம்பனை எண்ணெயில் சமைத்ததையும், அந்த வாடை சட்டையிலிருந்து போகாததையும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இரவு நான் நாவலை மறுபடி எடுத்தேன். இந்த முறை சாப்பாடு வரும் இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். கதை முழுக்க அதில்தான் ஓடுகிறது.

ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சுரங்க வெடிப்பில் இறந்த பிறகு, 11 வயது காட்னிஸ் மழையில் குப்பைத் தொட்டிகளைத் துழாவிக்கொண்டு ரொட்டிக் கடையின் பின்பக்கம் வந்து விழுகிறாள். கடைக்காரரின் மகன் பீட்டா வேண்டுமென்றே இரண்டு ரொட்டிகளைக் கருகவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கி, பன்றிக்குப் போடுவதுபோல் வந்து அவள் பக்கம் வீசுகிறான். படத்திலும் இது வருகிறது, சில நொடித் துண்டுகளாக. ஆனால் மறுநாள் வருவதில்லை. மறுநாள் பள்ளியில் அவனைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கண்ணைத் தாழ்த்தும்போது, தரையில் அந்த ஆண்டின் முதல் டேன்டலியன் பூ கண்ணில் படுகிறது. அப்பா கற்றுக்கொடுத்த காட்டுக் கீரைகள் நினைவுக்கு வருகின்றன. அன்றையிலிருந்து அந்தக் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. மூன்றாவது நாவலின் முடிவில் பீட்டாவோடு வாழ முடிவெடுப்பதற்கு அவள் சொல்லும் காரணமும் அந்தப் பூதான். கேலின் கோபத் தீ தனக்குள்ளேயே போதுமான அளவு இருக்கிறது, வசந்தத்தில் வரும் அந்த மஞ்சள் பூதான் தனக்கு வேண்டும் என்கிறாள். இதை முக்கோணக் காதல் என்று பேசுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை. பட்டினி கிடந்தவளுக்கு ஒருவன் ரொட்டி கொடுத்தான், அந்தக் கடன் அவளை விடவில்லை. அதுதான் அவர்களுக்கு நடுவில் முதலில் இருந்தது.

2012இல் படம் வந்தபோது சில விமர்சகர்கள் ஜெனிஃபர் லாரன்ஸின் உடம்பு பட்டினி கிடந்த பெண்ணின் உடம்பாக இல்லை என்று எழுதினார்கள். நான் சொல்வது அது இல்லை. ஒரு நடிகை இளைத்துக் காட்டினால் பசி வந்துவிடாது. அவர் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. தங்கையின் பெயர் வந்ததும் குரல் உடைந்து முன்னால் ஓடி வருகிறாரே, அந்தக் காட்சி நாவலைவிடப் படத்தில்தான் என்னை அதிகம் உலுக்கியது.

அண்ணன் மகளும் அவள் தோழிகளும் வேறு கோணத்தில் பிடித்துக்கொண்டார்கள். 12 வயதில் பெயர் குலுக்கலுக்குப் போகிறது என்றதுமே அவர்களுக்கு இங்கே தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு ஞாபகம் வந்துவிட்டது. 1, 2, 4ஆம் மாவட்டங்களில் சிறு வயதிலிருந்தே போட்டிக்கென்று பயிற்சி பெற்று வரும் பிள்ளைகளை அவர்கள் "துணைப்பாடப் பிள்ளைகள்", அதாவது டியூஷன் பிள்ளைகள், என்றுதான் அழைத்தார்கள். தேர்வையும் கொலையையும் ஒரே தட்டில் வைக்க நான் ஒப்பமாட்டேன். ஆனால், சீட்டு எல்லாருக்கும் ஒன்றுபோல விழுவதாகச் சொல்லிக்கொண்டே ஏழைக்கு மட்டும் கூடுதலாகப் போடும் அந்த விதி அவர்களுக்குச் சுளீரென்று உறைத்ததே, அதை மதிக்கிறேன். அதில் ஒருத்தியின் அம்மா இரவு வேலைக்குப் போகிறவர். அவள்தான் மேட்ஜின் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவள்.

படம் ஜெயித்த இடங்களையும் சொல்லியாக வேண்டும். நாவல் முழுக்க காட்னிஸின் தலைக்குள்ளேயே நடக்கிறது. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. படம் வெளியே வந்து, போட்டியை இயக்கும் கட்டுப்பாட்டு அறையைக் காட்டுகிறது. ரோஜாத் தோட்டத்தில் நின்று பேசும் அதிபர் ஸ்நோவைக் காட்டுகிறது. டொனால்டு சதர்லேண்ட் குரலை உயர்த்தாமலே பயமுறுத்துவார். அந்தக் காட்சிகள் நாவலில் இல்லவே இல்லை.

இன்னொரு இடம், போட்டியில் காட்னிஸோடு கூட்டுச் சேரும் சின்னப் பெண் ரூவின் சாவு. நாவலில், காட்னிஸ் அவளுக்குப் பூ வைத்த பிறகு, ரூவின் 11ஆவது மாவட்டத்திலிருந்து ஒரு ரொட்டி வானிலிருந்து இறங்குகிறது. பிறை வடிவம், மேலே விதைகள் தூவியது. பட்டினி கிடக்கும் ஒரு மாவட்டம், தன் பிள்ளைக்கு அனுப்பக் காசு சேர்த்துவிட்டு, அவள் போன பிறகு வேறு மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்பிய ரொட்டி. அப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததில்லை. படத்தில் ரொட்டி இல்லை. காட்னிஸ் கேமராவைப் பார்த்து மூன்று விரலை உயர்த்துகிறாள், 11ஆவது மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. ரொட்டி போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அந்த விரல்கள் திரையை விட்டு இறங்கி நம் பக்கத்து நாடுகளுக்கே வந்துவிட்டன. 2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தாய்லாந்து மாணவர்கள் அதே மூன்று விரலை உயர்த்தினார்கள், கைதும் ஆனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பாங்காக்கில் சில திரையரங்குகள் மூன்றாவது படமான மாக்கிங்ஜே முதல் பாகத்தைத் திரையிடாமல் விட்டன. 2021இல் மியன்மார் தெருக்களிலும் அதே சைகை. ஒரு ரொட்டித் துண்டால் இது நடந்திருக்காது. படத்துக்கு நான் தலைவணங்கும் இடம் இது.

ரூவைப் பற்றி இன்னொன்று. அவளுக்கு அடர்பழுப்பு நிறத் தோல், அடர்பழுப்பு நிறக் கண்கள் என்று நாவலில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும், அமாண்ட்லா ஸ்டென்பர்க் அந்த வேடத்தில் வந்ததும், இவளை இப்படி நினைக்கவில்லை, இவள் செத்தால் அவ்வளவு வருத்தமாக இல்லை என்றெல்லாம் ட்விட்டரில் எழுதியவர்கள் உண்டு. புத்தகத்தைப் படித்தவர்கள்தான் அப்படி எழுதினார்கள். அண்ணன் மகள் அதைப் படித்துவிட்டு, "அத்தை, அழகா, பாவமா ஒரு பொண்ணுன்னா இவங்க மனசுல வெள்ளையாத்தான் வருமா?" என்று கேட்டாள். வகுப்பில் ஒரே தமிழ்ப் பெண் அவள். அவளுக்கு அது வெறும் சினிமாச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

நான்கில் எது நல்ல படம் என்றால், நான் கேட்ட அத்தனை பேரும் இரண்டாவதான கேட்சிங் ஃபயரையே சொன்னார்கள். நானும் அப்படித்தான். முதல் படத்தின் ஆடிக்கொண்டே இருக்கும் கேமரா, பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்குநராக வந்ததும் நின்றது. முதல் படம் பீட்டாவின் காலைக் காப்பாற்றிவிட்டதையும் சொல்ல வேண்டும். நாவலில் அவன் ஒரு காலை இழந்துதான் வீடு திரும்புகிறான். போட்டி முடிந்தாலும் முடியாது என்பதற்கு அந்தக் கால்தான் சாட்சி.

மாவட்டங்கள் கேப்பிட்டலோடு போரிடும் மூன்றாவது நாவலான மாக்கிங்ஜேயை இரண்டு படமாக வெட்டியது தவறு. வருந்துவதாக இயக்குநரே 2023இல் சொல்லிவிட்டார். ஆனால் அந்த நாவலையே பிடிக்கவில்லை என்பவர்களும் ஏராளம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தேசிய சேவையின்போது, அதாவது கட்டாய ராணுவப் பணியில், முகாமில் படித்தவர். "போர் நடக்கும்போது கதாநாயகி பாதி நேரம் மருத்துவமனையில் கிடக்கிறாள், பிரிம் இரண்டு வரியில் செத்துப் போகிறாள், இதற்காகவா மூன்று புத்தகம்?" என்பது அவர் வாதம். எனக்கு அந்த நாவல்தான் மூன்றிலும் நேர்மையானது. தங்கைக்காகத் தொடங்கிய கதையில் தங்கையே, அதுவும் தன் பக்கத்துக் குண்டாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு, சாகிறாள். முதலில் ஒரு குண்டு, காப்பாற்ற ஓடி வருகிறவர்களுக்காக இரண்டாவது குண்டு. அந்த உத்தியைத் தீட்டியவர்களில் கேல் ஒருவன். காலின்ஸின் அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்த விமானப்படை அதிகாரி. போருக்குப் பிறகு வெற்றிக் கொண்டாட்டமாக எதையும் எழுதக் காலின்ஸுக்கு மனம் வராதது எனக்குப் புரிகிறது. தோற்ற கேப்பிட்டலின் பிள்ளைகளை வைத்து ஒரு கடைசிப் போட்டி நடத்தலாமா என்ற வாக்கெடுப்பில் காட்னிஸ் ஏன் சம்மதித்தாள் என்று வாசகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். புதிய தலைவி காயினை நெருங்கிக் கொல்வதற்காகத்தான் சம்மதித்தாள் என்பது என் வாசிப்பு. அவளுக்குப் போட்டியில் வழிகாட்டியாக இருந்த ஹேமிட்ச் மட்டும் அவளைப் புரிந்துகொள்வதாக அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

2020இல் வந்த முன்கதை, தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ், இளைஞன் ஸ்நோவைப் பற்றியது. பெரிய வீடு, பெரிய பெயர், உள்ளே முட்டைக்கோஸ் சூப். 2023இல் வந்த அதன் படம், முற்றுகைக் காலத்தில் சிறுவன் ஸ்நோ பசியில் என்ன பார்த்தான் என்பதிலிருந்தே தொடங்குகிறது. இந்த வரிசையில் பசியை ஒரு படம் சரியாகப் பிடித்தது அங்கேதான். பசியை அனுபவித்த ஒருவன் அதையே மற்றவர்கள் மேல் ஆயுதமாகத் திருப்புவதைப் பார்த்த பிறகு, முதல் நாவலின் தானியச் சீட்டு இன்னும் கோரமாகத் தெரியும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை: முதல் நாவலிலிருந்தே தொடங்குங்கள், படம் பார்த்தாயிற்றே என்று தாண்டிப் போகாதீர்கள். ஆங்கிலம் எளிமையானது, முதல் அத்தியாயத்தைத் தாண்டிவிட்டால் கீழே வைக்க மாட்டீர்கள். நூலகத்தில் பதின்ம வயதினர் அடுக்கில் தேடுங்கள், பெரியவர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்க வேண்டியதில்லை. மூன்றையும் முடித்துவிட்டுப் பாலட். அதற்குப் பிறகு 2025இல் வந்த சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங். ஹேமிட்ச் ஜெயித்த 50ஆவது போட்டியின் கதை, 24க்குப் பதில் 48 பிள்ளைகள். அதன் படம் 2026 நவம்பருக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒன்றையாவது படத்துக்கு முன்னால் படித்துவிடுங்கள்.