ஹோல்டன் ஏன் எல்லாரையும் திட்டிக்கிட்டே இருக்கான்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்களேன்னு அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரோட ‘தி கேட்சர் இன் த ரை’ நாவல வாங்கி பாதியில மூடி வச்சிட்டேன் சார். ஹோல்டன்னு 16 வயசுப் பையன், ஸ்கூல்ல இருந்து துரத்திட்டாங்க, வீட்டுக்குப் போகாம நியூயார்க்ல ஊர் சுத்துறான், கண்ணுல படுறவன எல்லாம் போலி போலின்னு திட்டுறான். இதுக்கா இவ்ளோ பில்டப்பு?

பதில்: உங்க எரிச்சல் நியாயம்தான், 1951ல புக்கு வந்தப்பவே இவன் புலம்பல் தாங்கலன்னு சொன்னவங்க இருக்காங்க. ஆனா அஞ்சாவது அத்தியாயத்த நிதானமா படிச்சீங்களா, இல்ல ஓட்டிட்டீங்களா? ரூம்மேட் ஒருத்தன் எனக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுடா, ஒரு ரூமையோ வீட்டையோ வர்ணிச்சா போதும்ங்கிறான், ஹோல்டன் அத விட்டுட்டு செத்துப்போன தம்பி ஆலியோட பேஸ்பால் கிளவுஸ பத்தி எழுதி வைக்கிறான். ஃபீல்டிங் நிக்கிறப்ப படிக்கிறதுக்குன்னு ஆலி அந்த கிளவுஸ் முழுக்க, விரல் மேல கூட விடாம, பச்சை மையில கவிதை எழுதி வச்சிருந்தவன். ரத்தப் புற்றுநோய் வந்து 1946 ஜூலையில போயிட்டான், 11 வயசு. அன்னைக்கு ராத்திரி 13 வயசு ஹோல்டன் கார் ஷெட்டுல படுத்துக்கிட்டு ஜன்னல் கண்ணாடி அத்தனையையும் வெறுங்கையால குத்தி உடைக்கிறான், கை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்ததால தம்பியோட இறுதிச் சடங்குக்கே போகல. இன்னமும் மழை பெஞ்சா அந்தக் கை வலிக்கும், இறுக்கி மடக்க வராது. இத ஏதோ போற போக்குல சொல்ற மாதிரி சொல்லிட்டு சட்டுனு வேற பேச்சுக்குத் தாவிடுறான் பாருங்க, அங்கதான் சார் நாவலே இருக்கு.

அதுக்கப்புறம் அவன் பண்றதெல்லாம் அந்த சாவ ஒத்துக்காம இருக்கிற வேலைதான்னு எனக்குப் படுது. மனசு ரொம்ப கீழ போச்சுன்னா ஆலி எதிர்ல நிக்கிற மாதிரி வாய்விட்டு பேசுறான், போய் சைக்கிள எடுத்துட்டு வாடாங்கிறான். இயற்கை வரலாற்று மியூசியம் ஏன் புடிக்கும்னா, எத்தனை தடவை போனாலும் கண்ணாடிக்கு உள்ள இருக்கிற எஸ்கிமோ பொம்மை அதே மீனப் புடிச்சிக்கிட்டு அப்படியே இருக்கும், போற நாமதான் மாறியிருப்போம்ங்கிறான் (ஆனா அந்த மியூசியம் வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகாம திரும்பிடுறான், அத எத்தனை பேர் கவனிக்கிறாங்களோ). கல்லறைக்குப் போன இடத்துல மழை புடிச்சிக்கிச்சு, வந்தவங்க எல்லாம் ஓடிப்போய் கார்ல ஏறி ரேடியோவ போட்டுக்கிட்டு சாப்பிடப் போயிடலாம், ஆலியால மட்டும் முடியாதேன்னு பொருமுறான். தங்கச்சி ஃபீபி, 10 வயசு வாண்டு, உனக்குப் புடிச்ச ஒண்ணே ஒண்ண சொல்லுங்கிறா, இவன் ஆலிங்கிறான். அவன்தான் செத்துட்டானேன்னு அவ பட்டுனு கேட்டுடுறா! தெரியும், செத்துட்டா புடிக்கக் கூடாதான்னு இவன் எகிறுறான். அவன் திட்டுற திட்டையெல்லாம் இத மனசுல வச்சிக்கிட்டு திரும்பப் படிங்க, வேற மாதிரி கேக்கும்.

கேள்வி: கடைசியில நிஜத்த ஏத்துக்கிட்டானா, இல்லையா?

பதில்: முழுசா ஏத்துக்கிட்டான்னு நான் சொல்ல மாட்டேன். முன்னாடி ஃபீபிகிட்ட, பாறை விளிம்புல ஓடி வர்ற பசங்க கீழ விழாம புடிக்கிறதுதான் எனக்கு வேலையா வேணும்னவன், கடைசியில ராட்டினத்துல ஃபீபியும் மத்த பசங்களும் பக்கத்துல மாட்டியிருக்கிற தங்க வளையத்த எட்டிப் புடிக்க சாயுறப்ப விழுந்துடுவாளோன்னு பதறினாலும் வாயத் திறக்கல, விழுந்தா விழட்டும், நாம ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு உக்காந்துட்டான். அவன் ஏத்துக்கிட்டது அந்த அளவுதான். இந்தக் கதைய அவன் சொல்றதே கலிஃபோர்னியாவுல உடம்பு தேத்த அனுப்பின இடத்துல இருந்துதான், இனிமேயாவது ஒழுங்கா படிப்பியான்னு டாக்டர் கேட்டா செய்யுற வரைக்கும் எனக்கு எப்படித் தெரியும்ங்கிறான். பொய் சொல்லாத பதில், எனக்குப் புடிச்சது.

கேள்வி: இது எழுதினவரோட சொந்தக் கதையா?

பதில்: சம்பவங்கள அப்படியே பொருத்திப் பாக்காதீங்க. ஆனா சாலிஞ்சர் ரெண்டாம் உலகப் போர்ல, 1944 ஜூன் 6 பிரான்ஸோட நார்மண்டி கடற்கரையில இறங்கின சோல்ஜர், போர் முடிஞ்ச கையோட 1945ல மனசு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்தவர். போருக்குப் போறதுக்கு முன்னாடியே ஹோல்டன வச்சு கதை எழுத ஆரம்பிச்சிட்டார், திரும்பி வந்தப்புறம்தான் அது நாவலாச்சு.

கேள்வி: பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. வாங்கிக் குடுக்கலாமா?

பதில்: கெட்ட வார்த்தை ஏகப்பட்டது இருக்கு, குடி இருக்கு, ஹோட்டல் ரூமுக்கு ஒரு விலைமாது வர்ற சீன் இருக்கு (சும்மா பேசிட்டு அனுப்பிடுறான், அப்புறம் 5 டாலர் தகராறுல அடி வாங்குறான்). அமெரிக்காவுலயே நிறைய ஸ்கூல்ல இத தூக்கியிருக்காங்க. ரெண்டு வருஷம் போகட்டும், அதுக்குள்ள நீங்க படிச்சு வச்சிக்கங்க, ஏன்னா படிச்சிட்டு அவ கண்டிப்பா ஹோல்டன் பக்கம்தான் பேசுவா, நீங்க ஹோல்டனோட அப்பா அம்மா பக்கம் பேசுவீங்க.