பிங்க் ஃப்ளாக் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயர் என்ற ஆங்கில பங்க் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பமான ‘பிங்க் ஃப்ளாக்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு போனில் கேட்டேன். எந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. பல பாடல்கள் பாதியில் நின்றுவிட்டதுபோல் இருக்கின்றன. நண்பர்கள் நால்வர் சேர்ந்து அதிலுள்ள ‘12 எக்ஸ் யூ’ பாடலை வாசித்துப் பார்த்தோம், வெறும் இரைச்சல்தான் வருகிறது. எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் போன் செயலியில் கிராஸ்ஃபேடை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கவிடும் வசதி அது. ‘ஃபீல்ட் டே ஃபார் தி சண்டேஸ்’ மொத்தமே 28 வினாடி. கிராஸ்ஃபேட் 12 வினாடி என்றால் இருபுறமும் போக 4 வினாடிதான் தனியாகக் கேட்கும். பாடல்களை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளும் வேண்டாம். ஆல்பத்தின் முதல் பாடலான மூன்று நிமிட ‘ராய்ட்டர்ஸ்’ கனத்து முடிந்த கையோடு இந்த 28 வினாடி வந்து விழ வேண்டும்.

1977 இறுதியில் ஹார்வெஸ்ட் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ஆல்பம், தயாரிப்பு மைக் தோர்ன். சுமார் 35 நிமிடத்தில் 21 பாடல்கள். ஆறு பாடல்கள் ஒரு நிமிடத்தைத் தொடாதவை. எதுவும் பாதியில் நிற்கவில்லை. அன்றைய பங்க் குழுக்கள் பலவும் பழைய ராக் அண்ட் ரோல் அமைப்பையே வேகமாக வாசித்தன. வயர் சோலோவை, அதாவது ஒரு கருவி மட்டும் தனித்து முழங்கும் பகுதியை, தூக்கி எறிந்தது, வரிகள் தீர்ந்ததும் நிறுத்தியது. அதே குழு ‘ஸ்ட்ரேஞ்ச்’சை ஏறக்குறைய நான்கு நிமிடம் இழுக்கிறது, அந்தப் பாட்டுக்கு அது வேண்டியிருப்பதால். அந்த ஆண்டின் பங்க் ஆல்பங்களில் இதுவே மிகத் துணிச்சலானது என்பேன்.

உங்கள் இரைச்சலுக்குப் பெரும்பாலும் டிஸ்டார்ஷன்தான், அதாவது கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவுதான் காரணம். அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயின் ஏற ஏற கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டின்) சுரங்கள் குழம்பும், கையை எடுத்த பின்னும் ஆம்ப் (ஒலிபெருக்கி) இரையும். கெயினைப் பாதியாக்கி வால்யூமைக் கூட்டுங்கள். இரு கிட்டாரும் ஒரே கார்டை, மேலிருந்து கீழாக மட்டும் அடிக்கட்டும். அடக்கி வாசிக்கும் இடங்களில் உள்ளங்கையின் ஓரம், கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டியே படிய வேண்டும். கொஞ்சம் உள்ளே நகர்ந்தாலும் சுரம் செத்து ‘டொக்’ மட்டும் மிஞ்சும்.

முடிவைத் தனியாகப் பழகுங்கள், கடைசி நான்கு பாரை (தாளச் சுற்றை) மட்டும் திரும்பத் திரும்ப. கடைசி அடியில் இரு கைகளாலும் தந்திகளை அமுக்குங்கள். இடது கையைத் தூக்கினால் வெறுந்தந்தி பேசும். டிரம்மர் சிம்பலை (உலோகத் தட்டை) கையால் பிடித்து நிறுத்த வேண்டும். விட்டால் அது சில வினாடிகள் ஒலித்து அந்த நிறுத்தத்தையே கெடுத்துவிடும். பதிவு செய்த பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அறையின் எதிரொலியும் சேர்ந்து அறுந்து, ஃபைல் கெட்டுப்போனதுபோல் கேட்கும்.