கண்ணில் படாத சூப்பர்சிமெட்ரி துகளை எப்படித் தேடுகிறார்கள்?

நமக்குத் தெரிந்த ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் ஒரு ஜோடி இருக்கலாம் என்கிற கருத்துதான் சூப்பர்சிமெட்ரி. எலக்ட்ரானுக்கு செலக்ட்ரான், குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவானுக்கு குளுயினோ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது, ஆள்தான் இன்னும் வரவில்லை! மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளின் நிறை ஏன் இவ்வளவு குறைவு என்ற புதிருக்கு இது ஒரு விடை தருவதால்தான் இத்தனை ஆர்வம்.

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்ஹெச்சி என்ற துகள் மோதல் இயந்திரத்தின் வளையத்தில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். ஜோடித் துகள் பிறந்தாலும் உடனே சிதைந்துவிடும், அதில் கடைசியாக மிஞ்சுகிற லேசான துகளோ கருவியில் எந்தத் தடமும் பதிக்காமல் நழுவிவிடும் என்கின்றன பல கணிப்புகள்.

சரி, நழுவியதை எப்படிப் பிடிப்பது? கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரால் காய்க்கூட்டத்தை நேராக அடிக்கிறீர்கள், காய்கள் இடப்பக்கம் மட்டுமே சிதறுகின்றன என்றால், வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று போயிருக்கத்தான் வேண்டும். புரோட்டான்களிலும் அதேதான்: மோதலுக்கு முன் பக்கவாட்டு உந்தம் (நிறையும் வேகமும் சேர்ந்த அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம், பின்னும் அப்படியே கூட்டிவர வேண்டும். எல்ஹெச்சியில் மோதல்களைப் பதிவு செய்யும் அட்லஸ், சிஎம்எஸ் கருவிகள் தேடுவது இந்தக் கணக்கில் விழும் துண்டைத்தான். தலைவலி என்னவென்றால் நியூட்ரினோ என்ற, நமக்கு ஏற்கெனவே தெரிந்த துகளும் இதே மாதிரி நழுவும்; அதனால் இப்படி நழுவும் மோதல்கள், தெரிந்த துகள்களால் எதிர்பார்த்த எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று எண்ண வேண்டியிருக்கிறது.

'இன்னும் கிடைக்கவில்லை, அப்படியானால் கோட்பாடு பொய்' என்று பலர் எழுதுகிறார்கள். இதுவரை விலக்கப்பட்டிருப்பது குறிப்பிட்ட நிறைகளும் எளிய வடிவங்களும்தான், முழுக் கருத்தும் அல்ல.