கேமராவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காத வாங்குபவர்

கேள்வி: கோவையில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்பாவின் யாஷிகா-மேட் 124ஜி இரட்டை லென்ஸ் கேமராவை இபே இணையச் சந்தையில் 7 நாள் ஏலத்துக்கு விட்டிருக்கிறேன். மூன்றாம் நாளுக்குள் 110 டாலர் வரை கேட்டுவிட்டார்கள். அதற்குள் ஒருவர், "ஏலத்தை நிறுத்துங்கள், 400 டாலர் தருகிறேன், வேறு நாட்டில் இருக்கும் என் மைத்துனருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று எழுதினார். அவர் கேட்டபடி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தேன். மறுநாளே, பணம் வந்துவிட்டது, பார்சல் எண்ணைத் தெரிவித்தால் விடுவிக்கப்படும் என்று பேபால் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் வந்தது. அனுப்பலாமா? லென்ஸில் பூஞ்சை உண்டா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்; இந்தக் குழப்பத்தில் அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

பதில்: அனுப்ப வேண்டாம். கேமரா அலமாரியிலேயே இருக்கட்டும்.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் பொதுவாகத் தொணதொணப்பவர்கள். ஒரு செகண்ட் வேகத்தில் ஷட்டர் சிக்காமல் ஓடுகிறதா, லைட் மீட்டரின் முள் அசைகிறதா, மெர்குரி பேட்டரிதான் இப்போது கிடைப்பதில்லையே, வேறு எதைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று துளைத்தெடுப்பார்கள். உங்கள் 400 டாலர்காரர் இதில் ஒன்றையாவது கேட்டாரா? "பொருள் நல்ல நிலையில் இருக்கிறதா" என்பதோடு சரி. அந்தக் கடிதத்தைத் தையல் மிஷின் விற்பவருக்கும் அப்படியே அனுப்பலாம். பணம் எந்த வழியில் வரும், பொருள் யாருக்குப் போகவேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு அவ்வளவு அக்கறை. எனக்கு முதலில் உறுத்தியது 400 என்ற தொகை இல்லை, இந்த அக்கறைதான்.

இனி அந்த அஞ்சல். இபேயில் விற்ற பொருளுக்கான பணத்தை இபேயே வசூலித்துத் தருகிறது. இந்திய விற்பனையாளர்களுக்கு அது பயோனியர் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கு வழியாக வந்து சேர்கிறது. வாங்குபவர் பேபாலில் கட்டினாலும் உங்கள் கைக்கு வரும் பாதை இதுதான். ஏலமே முடியாத நிலையில் பேபால் உங்களுக்குத் தனியாக எழுத வேண்டிய அவசியம் என்ன? பேபால் சில நேரங்களில் பணத்தை நிறுத்திவைப்பது உண்மைதான். மோசடிக்காரர்கள் குளிர்காய்வதும் அந்த அரை உண்மையில்தான். ஆனால் நிறுத்திவைத்த பணமும் உங்கள் கணக்கில் தொகையாகத் தெரியும். அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே இல்லாத பணம் எங்கேயும் இல்லை.

ஏலத்தில் ஒருவர் கேட்டுவிட்ட பிறகு தனியாக விலை பேசி முடிப்பது இபே விதிகளுக்கே புறம்பானது. வெளியே விற்றால் பிறகு தகராறு வரும்போது விற்பனையாளர் பாதுகாப்பு கிடைக்காது. விற்பனை முடியும் முன் தொலைபேசி எண், மின்னஞ்சல் பரிமாறிக்கொள்வதையும் இபே அனுமதிப்பதில்லை. அதனால்தான் இவர்கள் எண்களை எழுத்தில் எழுதுவார்கள், இல்லையென்றால் படத்துக்குள் ஒளித்து அனுப்புவார்கள். அப்படி ஒன்றைப் பார்த்ததுமே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மைத்துனர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவருக்குப் பரிசாக வாங்குகிற நல்லவர்களும் உண்டு. இபேயில் மற்றவர்கள் தரும் மதிப்பெண் பூஜ்யமாக உள்ள புதிய கணக்குக்காரர் எல்லாரும் திருடர் இல்லை; நாமும் ஒருநாள் புதியவர்தானே. ஆர்டரில் பதிவான முகவரிக்கு அனுப்பினால் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பணம் கட்டிய பின் முகவரியை மாற்றச் சொன்னால் ஆர்டரை ரத்து செய்து, புதிய முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் முணுமுணுத்துக்கொண்டாவது செய்வார். மொத்தத் தொகை 750 டாலரோ அதற்கு மேலோ போனால், பெறுபவர் கையெழுத்து வாங்கும் சேவையில்தான் அனுப்ப வேண்டும். "தவறுதலாக 200 டாலர் கூடுதலாக அனுப்பிவிட்டேன், இந்தக் கணக்குக்குத் திருப்புங்கள்" என்றால் அசையாதீர்கள். திருப்பிக் கொடுப்பது அதே ஆர்டர் வழியாக மட்டுமே.

(உள்ளூரில் இதே நாடகம் க்யூஆர் கோடு வடிவத்தில் வரும். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. அதைப் போடச் சொல்கிறவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.)

இப்போது செய்ய வேண்டியது: அந்த ஆளுக்குப் பதில் எழுதாதீர்கள். இபேயில் அவரைப் புகார் செய்து, ஏலம் கேட்க முடியாதபடி தடுத்துவிடுங்கள். "பணம் அனுப்பிவிட்டேன், போலீசில் சொல்வேன்" என்று மிரட்டல் வரலாம், கண்டுகொள்ள வேண்டாம். அஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். அந்த இணைப்பைத் திறந்து கடவுச்சொல் எதையாவது கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். பணமே போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்; நேரம் கடக்கக் கடக்க மீட்பது கடினம். ஏலம் அதன்பாட்டில் முடியட்டும். வென்றவருக்குப் பணம் கட்ட 4 நாள் அவகாசம் உண்டு, கட்டாவிட்டால் நீங்கள் ரத்து செய்யலாம்.

பூஞ்சை பற்றிக் கேட்டவருக்கு இன்றே எழுதுங்கள். கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (அழுத்தும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் படம் எடுக்கும் கீழ் லென்ஸில் வெள்ளை நூல் போல ஏதும் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் இருக்கிறது என்றே படத்தோடு போடுங்கள்.